புதுப்பிப்பு: தொடை எலும்பு முறிவுக்குப் பின் மூச்சுத்திணறல் – காரணம் தெரிந்தது

தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்த மறுநாள் மூச்சுத்திணறலும் குழப்பமான பேச்சும் ஏன் வந்தன என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. "அக்குளையும் கீழ் இமையின் உட்புறத்தையும் பாருங்கள்" என்று ஒரு செவிலியர் எழுதியதுதான் கைகொடுத்தது. ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள், அழுத்தினாலும் மறையவில்லை. உடனே மருத்துவரிடம் காட்டினோம்.

கொழுப்பு அடைப்பு என்றார்; அந்தச் செம்புள்ளிகள் அதன் அடையாளமாம். எலும்பு மஜ்ஜையின் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் தாக்கியிருந்தன. பெரும்பாலும் முறிவுக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். குழப்பமான பேச்சை வலி மருந்தின் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

எதிர்பாராத ஒன்று: தலை சிடி ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை, எம்ஆர்ஐயில்தான் சிதறிய புள்ளிகள் தெரிந்தன. கொழுப்பைக் கரைக்கத் தனி மருந்து இல்லை. ஆக்சிஜன்தான் முக்கியச் சிகிச்சை. நிலை சீரானதும் எலும்பைக் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். இப்போது தெளிவாகப் பேசுகிறான்.