மில்க் டொபி பதம் பிடிபடவில்லை, கொஞ்சம் சொல்லித் தாருங்கள்

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நத்தாருக்கு 10 நாள்தான் இருக்கிறது. உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற 8 வீட்டுக்கும் இந்த முறை கடையில் வாங்காமல் நானே மில்க் டொபி செய்து சின்னப் பெட்டிகளில் கொடுக்க ஆசை, ஏனென்றால் பொங்கலுக்குப் புக்கையும் பெருநாளுக்கு வட்டிலப்பமும் அந்த வீடுகளில் இருந்துதான் எங்களுக்கு வருகிறது.

ஒரு டின்பால், 500 கிராம் சீனி, அரைக் கப் தண்ணீர், 50 கிராம் பட்டர், 100 கிராம் கஜு, கடைசியில் வனிலா. முதல் தரம் சீக்கிரம் இறக்கிவிட்டேன், கத்தியில் அப்படியே ஒட்டியது. இரண்டாம் தரம் தாச்சியிலேயே இறுகி, தட்டில் கொட்டுவதற்குள் உதிர்ந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டால் மெதுவான உருண்டையாக வர வேண்டும் என்று அம்மா சொல்வார், ஆனால் நான் துளி விட்டுப் பார்க்கும் நேரத்திலேயே அடுப்பில் பதம் தாண்டிவிடுகிறது. அந்த நேரம் அடுப்பை அணைத்து வைக்கலாமா? கிண்டும்போது வேறு என்ன அடையாளம் பார்ப்பீர்கள்?

அப்புறம் இந்த மாரி ஈரம். சீனி ஈரத்தை இழுக்கும்தானே, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி டப்பாவில் மூடினால் ஒரு வாரம் தாங்குமா?

ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கஜு, கச்சான் இரண்டுமே ஒத்துக்கொள்ளாது. அவனுக்கென்று தனிச் சட்டியில் தேங்காய் டொபி செய்யப் போகிறேன். ஒரு தேங்காய்த் துருவலுக்குச் சீனி எவ்வளவு போடுவீர்கள்? செய்து பழகியவர்கள் தயவுசெய்து அளவோடு எழுதுங்கள், சனிக்கிழமை திரும்பக் கிண்டப் போகிறேன்.