புதுப்பிப்பு: யாழ்ப்பாணம் – ரொறன்ரோ பயணக் கணக்கு

அம்மாவை ரொறன்ரோவுக்கு அனுப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும், டுபாய் வழி பெரிய சுத்தோ எண்டு முன்னம் கேட்டிருந்தன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலாலியிலயிருந்து (யாழ்ப்பாண விமான நிலையம்) ரொறன்ரோ, ஆகக் குறைஞ்ச தூரம் ஏறக்குறைய 13,700 கிமீ. அந்தக் கோடு மேற்கால போகாது. வடக்கால ஏறி, ரஷ்யாவைத் தாண்டி, கிறீன்லாந்துக்கு மேலால இறங்குது. தட்டையான வரைபடத்தில இது பிடிபடாது, பூகோள உருண்டையில நூல் பிடிச்சுப் பாருங்கோ. கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்)–டுபாய் 3,300, டுபாய்–ரொறன்ரோ 11,100, மொத்தம் 14,400. கட்டுநாயக்கவிலயிருந்து நேர பறந்தாலும் 14,000 வரும். 400 கிமீயைச் சுத்தெண்டு சொல்லேலாது.

பறப்பு டுபாய்க்கு நாலரை மணித்தியாலம், அங்கயிருந்து ரொறன்ரோவுக்குப் பதினாலு சொச்சம். வரேக்க குறையும், மேற்கிலயிருந்து வாற மேல்காற்று பின்னாலயிருந்து தள்ளும். டிக்கெட்டில இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். ரொறன்ரோ எங்கட நேரத்துக்குக் கோடையில ஒன்பதரை, குளிரில பத்தரை மணித்தியாலம் பிந்தி.

சென்னை வழி சொன்ன அண்ணைக்கு: பலாலி–சென்னை 350 கிமீதான், ஆசையாத்தான் இருக்கு. ஆனா தனித்தனி டிக்கெட் எண்டா பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேணும், இந்திய விசாவும் வேணும். அம்மாவுக்குச் சரிவராது.

கொழும்பு வழிதான் முடிவு. யாழ்ப்பாணத்திலயிருந்து கட்டுநாயக்க போற நேரம் டுபாய்க்குப் பறக்கிறதை விடக் கூட, அதுதான் எரிச்சல். சக்கர நாற்காலிக்கும் சொல்லியாச்சு.