புதிய சபையில் என்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபைக்கு விருந்தினர் போதகராகப் போகிறேன். நான் லுத்தரன், 1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் தொடங்கிய வழியில் வந்தவன். அந்த வரலாற்றை அங்கே நீட்டிப் பேச விருப்பமில்லை.

பெரியவர்கள் முதலில் "ஐயா எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்பார்கள். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் என்று சொன்னால் சட்டென்று நெருக்கம் வந்துவிடும். ஆனால் ஈப்போவில் வேலை பார்க்கும் இளையவர்கள் மனதை அது தொடுமா?

அப்புறம், அறிமுகத்தைப் பிரசங்கத்துக்கு முன்பே சொல்வதா, ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் பேசுவதா? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. மெதடிஸ்ட் வழக்கம் தெரிந்த போதகர்கள், தோட்டத்துச் சபைகளில் வளர்ந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் பேருதவி.