நெஞ்சடைப்புன்னு வந்தாக, ஆஞ்சியோல அடைப்பே இல்ல. டகோட்சுபோவை (அதிர்ச்சில இதயத்தசை தற்காலிகமா தொவண்டு போறது) வாசல்லயே கண்டுபிடிக்க முடியுமா?

தீவு_சிஸ்டர்
எல்லாருக்கும் வணக்கம், ராமேஸ்வரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். போன மாசம் நைட் டூட்டில 60 தாண்டின ஒரு அம்மா, மகன் போன போட்டைப் புடிச்சிட்டாகன்னு சாயங்காலம் போன் வந்திருக்கு, அப்ப இருந்து அழுதுக்கிட்டே இருந்தவுக ராத்திரி நெஞ்சை அடைக்குதுன்னு முந்தானைய சுருட்டி நெஞ்சுல அமுக்கிக்கிட்டே வந்தாக. கூட வந்த பொம்பளையாளுக "துக்கந்தான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டுத் தூங்க வைங்க"ன்னாக, டூட்டில இருந்த டாக்டரும் படபடப்புன்னுதான் நெனச்சாரு, ஈசிஜி எடுக்கவே அரை மணி ஆயிருச்சு. எடுத்தா வி2ல இருந்து வி5 வரைக்கும் (நெஞ்சுல ஒட்டுற லீடுக) எஸ்டி தூக்கி நிக்குது, அதாவது ஹார்ட் அட்டாக்ல வர்ற மாதிரி ஈசிஜி கோடு மேல ஏறி நிக்குது, இதயத்தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுற ட்ரோப்போனின் கார்டும் பாசிட்டிவ். உடனே ஹார்ட் அட்டாக்குக்கு முதல்ல குடுக்குற அந்த 14 மாத்திரையும் குடுத்து (ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அட்டோர்வா 8) மதுரைக்கு ஏத்தி விட்டோம். அங்க ஆஞ்சியோல ரத்தக்குழாய் சுத்தமா இருக்கு, டகோட்சுபோன்னு எழுதி அனுப்பியிருக்காக. நாங்க குடுத்தது தப்பா? முதல்லயே தெரிஞ்சிருக்கணுமா?

கேஷுவாலிட்டி_டாக்டர்
மாத்திரை குடுத்தது தப்பே இல்லம்மா, தப்பு அந்த அரை மணி நேரந்தான். நெஞ்சுவலின்னா ஆளு அழுதாலும் சிரிச்சாலும் 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்துரணும். வாசல்ல வச்சு இது டகோட்சுபோதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது, ஹார்ட் அட்டாக்னு வர்ற நூறு பேர்ல ஒண்ணு ரெண்டுதான் இது, அதனால ஆஞ்சியோ பார்க்குற வரைக்கும் அட்டாக்காவே நெனச்சுத்தான் பார்க்கணும். ஆனா சந்தேகப்பட வேண்டிய இடம் இருக்கு. மாதவிடாய் நின்ன பெண்கள்தான் இதுல பத்துக்கு ஒம்போது பேர். ட்ரோப்போனின் ஏறும், ஆனா ஈசிஜி காட்டுற அளவுக்கும் எக்கோல (இதய ஸ்கேன்) இதயம் தொவண்டு கிடக்குற அளவுக்கும் அது கம்மியாத் தெரியும், இதயம் திணறுனா ரத்தத்துல ஏறுற பிஎன்பி மட்டும் எக்கச்சக்கமா இருக்கும். ஈசிஜில ஏவிஆர்ங்கற லீடுல எஸ்டி இறங்கியிருந்து வி1ல தூக்காம இருந்தா எனக்குக் கொஞ்சம் பொறி தட்டும், அதை மட்டும் நம்பி முடிவு எடுக்க மாட்டேன். ஒண்ணு ரெண்டு நாள்ல ஈசிஜில டி அலை தலைகீழாகி க்யூடிங்கற இடைவெளி நீளும், அப்ப மானிட்டரை விட்டு எடுக்கக் கூடாது, துடிப்பு தாறுமாறா ஓட வாய்ப்பு இருக்கு.

டகோட்சுபோவா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு கணிக்க இன்டர்டாக் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, பெண்ணுன்னா 25, மனசு அதிர்ச்சி 24, உடம்பு அதிர்ச்சி 13, எஸ்டி இறங்காம இருந்தா 12, இப்படிக் கூட்டிக்கிட்டே போய் மொத்தம் 100. நீங்க சொன்ன அம்மாவுக்கு இப்பவே (25, 24, 12) 61 வந்துருச்சு பாருங்க. ஆனா எஸ்டி தூக்கி இருக்குற ஆளுக்கு ஸ்கோர் போட்டுக்கிட்டு உக்காரக் கூடாது, நேரா ஆஞ்சியோதான்.

எக்கோ_அண்ணன்
நான் எக்கோ டெக்னீசியன். மொத தடவை பார்த்தப்ப மெஷின்தான் கோளாறுன்னு நெனச்சேன். இதயத்தோட மேல்பக்கம் படக்படக்னு அடிக்குது, கீழ நுனிப்பக்கம் பலூன் மாதிரி உப்பிப்போய் அசைவே இல்ல. ஒரு ரத்தக்குழாய் அடைச்சா அது ரத்தம் குடுக்குற இடம்தான் செத்துக் கிடக்கும், இதுல ஒரு குழாயோட எல்லையையும் தாண்டி சுத்திவரப் பாதிச்சிருக்கும். டகோட்சுபோங்கறது ஜப்பான்ல கணவாய் புடிக்கிற பானை, நம்மூர்ல பேய்க்கணவாய்ங்கறோமே (ஆக்டோபஸ்) அதுக்குத்தான், வாய் குறுகி அடி உருண்டையா இருக்கும், இதயம் அந்த ஷேப்ல தெரியுதுன்னு 1990ல அங்க உள்ள டாக்டர்க வச்ச பேரு. நம்ம கடற்கரை ஆளுகளுக்கு இதை வெளக்குறது ஈஸி. நுனி நல்லா இருந்து நடுப்பகுதி மட்டும் உப்புற கேஸும் உண்டு, அதனால "பானை தெரியல, அது இல்ல"ன்னு எழுதிராதீங்க.

கீழக்கரை_பையன்
எங்க உம்மாவுக்கு வந்தப்ப வீட்டுல ஒரு துக்கமும் இல்ல, ரெண்டு நாளா வீசிங் மட்டுந்தான். அதான் குழம்பிட்டோம், "மனசுல என்ன வச்சிருக்கீங்க"ன்னு ஆளாளுக்குக் கேட்டு அவுகளையே அழ வச்சிட்டோம்.

கேஷுவாலிட்டி_டாக்டர்
தம்பி, வீசிங்கே காரணம்தான். ஆஸ்துமா, ஆபரேசன், காய்ச்சல் முத்திப்போறது, வலிப்பு எல்லாத்துலயும் அட்ரினலின் பொங்கும், இதயத்தசை அதுல திணறிப்போகும். மூணுல ஒருத்தருக்குக் கிட்ட என்ன காரணம்னே கிடைக்காது. ஆம்பளைகளுக்கும் வரும், அவுகளுக்கு பெரும்பாலும் உடம்பு நோய் பின்னாடி வர்றதால இன்னும் மோசமாப் போகுது. இன்னொண்ணு, திடீர்னு பொறுக்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்போட வந்து ஈசிஜியும் இப்படி இருந்தா மூளைல ரத்தக்கசிவா இருக்கலாம், அதுலயும் இதயம் இப்படி உப்பும், அங்க ரத்தக்கட்டி கரைக்கிற ஊசிய போட்டா ஆளே போயிருவாக. முதல்ல தலைக்கு சிடி.

தீவு_சிஸ்டர்
ரொம்ப நன்றி சார். இன்னொரு சந்தேகம், அந்த அம்மாவுக்கு வீட்டுலயே நாக்குக்கு அடில சார்பிட்ரேட் (ரத்தக்குழாய விரிக்கிற மாத்திரை) வச்சுக் கூட்டிட்டு வந்திருந்தாக, இங்க பிபி 90க்கு வந்துருச்சு, அதுனாலயா?

கேஷுவாலிட்டி_டாக்டர்
இருக்கலாம். இதயத்தோட மேல்பக்கம் வேகமா இறுக்குறதால ரத்தம் வெளிய போற வழி சிலருக்கு அடைபடும், அப்ப சார்பிட்ரேட்டும் கெடுதல், பிபி ஏத்துறோம்னு டோபுட்டமின் அட்ரினலின் மாதிரி இதயத்த வேகமா அடிக்க வைக்கிற மருந்து ஓட்டினா அதைவிடக் கெடுதல். பிபி கம்மியா இருந்து ஸ்டெத்துல இதயத்துல புதுசா இரைச்சல் கேட்டா எக்கோ பார்க்காம அந்த மருந்துகளைத் தொடாதீங்க. இப்ப எப்படி இருக்காக?

தீவு_சிஸ்டர்
நேத்து ரிவியூக்கு வந்தாக. இதயத்தோட பம்பிங் 30 சதவீதத்துல இருந்து 55க்கு ஏறியிருக்கு. மகன் இன்னும் வரல. "எக்கோல அவன் தெரியுறானா"ன்னு கேக்குறாக.