காதல் கதைக்குள் பேய் வந்தால் ஏன் ரெண்டில் ஒன்று சொதப்புகிறது?

மழைநாள் வாசகி:

இந்த மாதம் முழுக்க காதல் நாவல், அமானுஷ்யக் கதை இந்த ரெண்டைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆபீஸில் கணக்கு முடிக்கிற நேரம், வீட்டுக்கு வந்தால் மூளைக்கு வேலை வைக்காத ஏதாவது வேண்டும், அவ்வளவுதான் காரணம். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வாடகை நூலகத்தில் தூசி படிந்து கிடந்த ரமணிசந்திரன், அட்டை கிழிந்த பி.டி. சாமி, போனில் பிரதிலிபித் தொடர்கள், அப்புறம் தங்கை ரொம்ப நாளாகப் படி படி என்று நச்சரித்த ட்வைலைட்.

தனித்தனியாகப் படிக்கும்போது ஒரு குறையும் இல்லை. ரமணிசந்திரன் கதையில் இவள் அவன்மேல் எரிந்து விழும்போதே கல்யாணம் நிச்சயம் என்று தெரிந்துவிடும், தெரிந்தும் ராத்திரி ஒரு மணிவரை கீழே வைக்க முடியாது. பி.டி. சாமி வேறு ரகம். பங்களா, நாய் ஊளை, அமாவாசை என்று ஒவ்வொன்றாக ஆஜராகும்போது சிரிப்பு வரும், ஆனால் சிரித்து முடித்துவிட்டு பாத்ரூம் போகும்போது எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டுதான் போவேன்.

பிரச்சினை இரண்டும் கலந்த கதைகளில்தான். ட்வைலைட்டில் வரும் ரத்தக்காட்டேரிக் குடும்பம் மனித ரத்தம் குடிப்பதில்லை. மலைச் சிங்கத்தையும் கரடியையும் வேட்டையாடிக் குடித்துவிட்டு தங்களைச் சைவம் என்று சொல்லிக்கொள்கிறது! வெயில் பட்டால் எரிந்துபோக மாட்டார்கள், உடம்பு மின்னும். சரி, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பயம் எங்கே போனது? தமிழ்த் தொடர்களில் கதை வேறு மாதிரி கெடுகிறது. பாழடைந்த ஜமீன் பங்களா, நாயகியின் முகம் அப்படியே இருக்கும் பழைய போட்டோ, முன்ஜென்மம், கொலுசுச் சத்தம் என்று இருபது எபிசோடு நன்றாக ஏற்றிக்கொண்டு போய், கடைசியில் பார்த்தால் எல்லாம் சொத்துக்காகச் சித்தப்பா செய்த வேலை. கொலுசு போட்டுக்கொண்டு மாடியில் நடந்தவர் சித்தப்பா. அதற்கப்புறம் அந்த ஜோடி என்ன காதல் பேசினாலும் காதில் ஏறவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். காதல் கதை முடிவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறது, பேய்க் கதையோ எந்த வாக்கும் கொடுக்காமல் இருந்தால்தான் வேலை செய்கிறது. அப்படியென்றால் ரெண்டும் சேரவே சேராதா? பயமும் குறையாமல் காதலும் சப்பென்று ஆகாமல் ஒரு கதை இருந்தால் சொல்லுங்கள். எந்த மொழியானாலும் பரவாயில்லை. சினிமா வேண்டாம், படிக்கிற மாதிரி.

பழைய பேப்பர் கடை:

சித்தப்பா வியாதி இன்று நேற்று வந்ததில்லை. 1794-ல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ'விலேயே இருக்கிறது. மலைக்கோட்டையில் மாட்டிக்கொண்ட எமிலி, கறுப்புத் துணி போட்டு மூடிய ஒன்றைச் சுவரில் பார்க்கிறாள், துணியை விலக்குகிறாள், மயங்கி விழுகிறாள். உள்ளே என்ன இருந்தது என்று ஆசிரியர் சொல்லவே மாட்டார். நூற்றுக்கணக்கான பக்கம் தாண்டி, கதையே ஓய்ந்தபிறகு, அது மெழுகில் செய்த பிணப் பொம்மை என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார். படிக்கும்போது புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது எனக்கு. ஆனால் காரணம் புரிகிறது. எமிலிக்கு அவள் காதலனோடு கல்யாணம் ஆகவேண்டும், பேய் நிஜமாகவே உலவுகிற உலகத்தில் அந்தக் கல்யாணத்தை நிம்மதியாக முடித்துவைக்க அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை.

நீங்கள் கேட்பது 1847-ல் வந்துவிட்டது. ஒரே வருடம், அக்கா ஒரு நாவல், தங்கை ஒரு நாவல். அக்கா சார்லட் பிரான்ட்டியின் 'ஜேன் அயர்' பாதி சித்தப்பா ரகம்தான், மாடியில் கேட்கும் சிரிப்புக்கு ஓர் ஆள் இருக்கிறாள். ஆனால் கடைசிப் பகுதியில் ஒன்று நடக்கும். எங்கோ தொலைவில் இருக்கும் காதலன் ராச்செஸ்டர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது ஜேனுக்குக் கேட்கிறது. அவனைத் தேடிப் போகிறாள். அன்று ராத்திரி தான் அப்படிக் கூப்பிட்டதாக அவனே சொல்கிறான், பதில் குரல் கேட்டது என்றும் சொல்கிறான். இவள் தனக்குக் கேட்டதை அவனிடம் சொல்வதே இல்லை. விளக்கமும் கிடையாது. கல்யாணமும் நடக்கிறது! உங்கள் விதிக்கு இது ஒன்றே போதும்.

தங்கை எமிலி விட்டுக்கொடுக்கவே மாட்டாள். 'வுதரிங் ஹைட்ஸ்' தொடக்கத்தில், மரக்கிளை ஜன்னலில் தட்டுகிறது என்று நினைத்து, அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்க வந்த லாக்வுட் கண்ணாடியை உடைத்துக் கையை வெளியே நீட்டுகிறான், ஜில்லென்று ஒரு சின்னக் கை அவன் விரல்களைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே விடு என்று அழுகிற குரல். கை விடுவதாக இல்லை. இவன் பயத்தில் அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் வைத்துத் தேய்க்கிறான், ரத்தம் ஓடிப் படுக்கையெல்லாம் நனைகிறது. கனவாகவும் இருக்கலாம், எமிலி அந்தச் சந்தேகத்தை அப்படியே வைத்திருக்கிறாள். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரன் ஹீத்கிளிஃப், வந்தது செத்துப்போன தன் காதலி கேத்தரின் என்று தெரிந்ததும் அதே ஜன்னலைப் பிடுங்கித் திறந்து, வா, உள்ளே வா என்று கதறுகிறான். பேயைக் கண்டு ஓடுகிறவர்களைத்தான் மற்ற கதைகளில் பார்க்கிறோம், இவன் வரவில்லையே என்று அழுகிறான். பயம், காதல் ரெண்டும் ஒரே ஜன்னலில் நடக்கிறது.

யூடி எப்போ:

வாசகி சகோ, பழைய பேப்பர் கடை அண்ணா, ரெண்டு பேரும் துணிக்கடைக்குள் போய் மளிகைச் சாமான் கேட்கிறீர்கள். அமானுஷ்யக் காதல் நாவல் உங்களைப் பயமுறுத்துகிறேன் என்று சொல்லவே இல்லை. பேயோ ஓநாயோ அதில் பயத்துக்கு இல்லை, அந்த ரெண்டு பேருக்கும் நடுவில் தாண்டவே முடியாத ஒன்று வேண்டும், அதற்குத்தான். முன்பெல்லாம் ஜாதியோ அந்தஸ்தோ குடும்பப் பகையோ செய்துகொண்டிருந்த வேலையை இப்போது இது செய்கிறது.

நளினி சிங் படித்திருக்கிறீர்களா? பிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். 2006-ல் வந்த 'ஸ்லேவ் டு சென்சேஷன்' எடுத்துப் பாருங்கள். கதை நடப்பது 2079-ல். மனசாலேயே வேலை செய்யும் சக்தி உள்ள ஓர் இனம், அதன் பெயர் சை. அந்தச் சக்தி பைத்தியத்திலும் கொலையிலும் கொண்டுபோய் விடுகிறது என்று பயந்து, குழந்தைப் பருவத்திலிருந்தே உணர்ச்சியே இல்லாமல் பழக்கிவிடுகிறார்கள். நாயகி சாஷாவுக்கு அந்தப் பழக்கம் சரியாகப் பிடிக்கவில்லை, அவளுக்கு எல்லாம் உறைக்கிறது. வெளியே தெரிந்தால் மூளையைத் துடைத்துவிடுவார்கள். நாயகன் லூகாஸ் சிறுத்தையாக மாறக்கூடியவன், அவனோடு வீடு கட்டும் ஒப்பந்தம் பேச உட்கார வேண்டும். இதில் சிறுத்தையைப் பார்த்து யாரும் பயப்படப் போவதில்லை. அந்த மீட்டிங்கில் அவன் ஏதோ சீண்ட, அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமோ, முகம் மாறிவிடுமோ, அம்மா கவனித்துவிடுவாளோ என்பதுதான் பயம். ரெண்டு பேரும் சேருவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரியும், ஆனால் அதற்கு அவள் எதைக் கொடுக்கப்போகிறாள் என்பது தெரியாது. வாக்கு முடிவுக்குத்தான் சகோ, விலைக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஆன்லைன் ஆன்டி ஹீரோ கதைகளுக்குப் பேயே தேவையில்லை. கோபத்தில் தாலியைக் கட்டி, கன்னத்தில் ஒன்று வைத்து, ஐம்பதாவது யூடியில், அதாவது அப்டேட்டில், எல்லாம் உன்மேல் உள்ள காதலால்தான் என்று சொல்கிறானே, எனக்கு அவனைப் பார்த்துத்தான் குலை நடுங்குகிறது. அவனுக்கு எபிலாக்கில் இரட்டைக் குழந்தை வேறு. கமெண்டில் ஹார்ட்டாகக் கொட்டுகிறார்கள். சிறுத்தையாவது நெருங்கும் முன் அவள் முகத்தைப் பார்க்கிறது.

ஆலங்காட்டுக்காரன்:

தாலி கட்டினவன்மேல்தான் பயம் என்றீர்களே, பழையனூர் நீலி கதை முழுக்க அதுதான். எங்கள் பக்கத்துக் கதை, திருவாலங்காட்டுக்கு அருகில்தான் பழையனூர். முற்பிறப்பில் கட்டினவனே அவளைக் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகன், அவள் பேய். காட்டுக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார் என்று ஊர்ச் சபையில் வந்து நிற்கிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்று கூப்பிடுகிறது.

கதையிலேயே பயங்கரமான இடம் ராத்திரி இல்லை, அதற்கு முன்னால் நடக்கும் பஞ்சாயத்து. பேயிடமிருந்து காக்க அவன் கையில் ஒரு கத்தி இருக்கிறது. அந்தக் கத்தியால் என்னைக் கொன்றுவிடுவார் என்று அவள் அழுகிறாள். பாவம், சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி என்று வேளாளர்கள் 70 பேர் அவனிடமிருந்து கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் அவன் பிணம். 70 பேரும் சொன்னபடி தீயில் இறங்குகிறார்கள். நல்ல மனசோடு எல்லோரும் சேர்ந்து ஒருத்தனைப் பேயிடம் ஒப்படைக்கிறார்கள், பேய் சொல்வதும் முழுப் பொய் இல்லை. இந்தச் சிக்கலுக்கு முன்னால் வெயிலில் மின்னுகிற ஆள் எம்மாத்திரம்!

அதே ஆலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையாரும். பெரியபுராணத்தில், மாம்பழ அற்புதத்தைப் பார்த்த பரமதத்தன் மனைவிமேல் பயந்துபோய்க் கப்பலேறிவிடுகிறான், பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான், பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். அவள் வந்து நின்றதும் இரண்டாம் மனைவி, குழந்தையோடு காலில் விழுகிறான். இவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அவளே பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். பதிகத்தில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறாள். மகளுக்கு அந்தப் பெயரை வைத்தானே, அது வெறும் பக்திதானா, வேறு ஏதாவதும் இருந்ததா என்று எனக்கு இன்னும் தீராத சந்தேகம்.

வசந்த் கட்சி:

சுஜாதா பெயர் வராமல் இந்த இழை இவ்வளவு தூரம் ஓடியதே ஆச்சரியம். 'கொலையுதிர் காலம்' படியுங்கள் வாசகி. அவருடைய வக்கீல் ஜோடியில் கணேஷ் அறிவியல் கட்சி, வசந்த் பேய்க் கட்சி, சண்டையே அதுதான். காதல் ஊறுகாய் அளவுதான் இருக்கும், ஆனால் பயம் உத்தரவாதம். 2024-ல் காலமான இந்திரா சௌந்தர்ராஜனையும் விட்டுவிடாதீர்கள். 'விடாது கருப்பு' டிவி தொடரில் எல்லாம் ஆள் வேலை என்று கடைசியில் மனநல மருத்துவம் பேசினாலும், குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கருப்பு ஞாபகம்தான் வரும். விளக்கம் சொன்னாலே பயம் போய்விடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், விளக்கம் யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மழைநாள் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. யூடி எப்போ, விலை விஷயம் சரியாகப் பட்டது, ட்வைலைட்டில் எனக்கு உறுத்தியதும் அதுதான் போல, அங்கே யாரும் பெரிதாக ஒன்றையும் இழக்கவில்லை. ஆலங்காட்டுக்காரன் சார், நீலியை நான் காதல் கதையில் சேர்க்க மாட்டேன், அது பழி. அம்மையார் கதையில் அந்த மகள் பெயர் விஷயம் மட்டும் நிஜமாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வசந்த் கட்சி, கொலையுதிர் காலம் காலேஜிலேயே முடித்தாச்சு. ஜேன் அயர் எடுக்கிறேன், ஆனால் அதற்கு முன் சின்னதாக ஒன்று கிடைக்குமா? கணக்கு இன்னும் முடியவில்லை.

பழைய பேப்பர் கடை:

அப்படியென்றால் லெ ஃபனுவின் 'கார்மில்லா'. 1872-ல் வந்தது, டிராகுலாவுக்கு 25 வருடம் மூத்தது, ரெண்டு மூன்று ராத்திரியில் முடித்துவிடலாம். தனியாக வளரும் லாரா வீட்டுக்கு விருந்தாளியாக வரும் பெண்தான் காட்டேரி. அவள் லாராவிடம் பேசுவது முழுக்கக் காதலி பேசுகிற பேச்சு, லாராவுக்கு அதில் பிடித்தமும் அருவருப்பும் ஒரே நேரத்தில் வருகிறது. காட்டேரியை முறைப்படி அழித்துவிடுகிறார்கள். ஆனாலும் பல வருடம் கழித்து, கூடத்து வாசலில் கார்மில்லாவின் காலடி கேட்ட மாதிரி அவளுக்கு அவ்வப்போது தோன்றுகிறது. பயத்திலா, ஏக்கத்திலா என்று சொல்வதில்லை.

அதற்கப்புறம் நேரம் கிடைத்தால் டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா', 1938. அதில் பேயே கிடையாது, செத்துப்போன முதல் மனைவியின் சீப்பும் இரவு உடையும் இருக்கிற அறையும், அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ஒரு வேலைக்காரியும்தான். இரண்டாம் மனைவிக்குக் கடைசிவரை பெயர்கூடக் கிடையாது. முதல் அத்தியாயத்தில் மான்டர்லி வீடு கனவில் வந்துவிட்டுப் போய்விடும். பிறகு மான்டி கார்லோ ஹோட்டலில் கொஞ்சம் இழுக்கும், அங்கே கீழே வைத்துவிடாதீர்கள், வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பொறுங்கள். அங்கே சித்தப்பா யாரும் இல்லை.