ஓரிக்ஸ் தண்ணீரே குடிக்காதாம். அதனால் ஆட்டுக்கும் வேண்டாமாம்!

பால்மரத்தான்:
மலேசியாவில் நம் சுங்கை சிப்பூட் வாட்சாப் குழுவில் ஆட்டுக்கொட்டகை என்பவர் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "சஹாரா பக்கம் வாழும் ஓரிக்ஸ் மான் மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காது. ஆட்டையும் அப்படிப் பழக்கலாம், தொட்டி எல்லாம் வீண் செலவு" என்று எழுதியிருக்கிறார். கீழே இருபது பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். இதை நம்பி ஒருவர் தொட்டியைக் கவிழ்த்தாலும் பாவம் அந்த வாயில்லா ஜீவன்தான்.

ஆட்டுக்கொட்டகை:
வணக்கம் அண்ணே. நேரே கேட்கிறேன், நேரே சொல்லுங்கள். ஓரிக்ஸ் மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருக்குமா, இருக்காதா?

பால்மரத்தான்:
இருக்கும். எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவே இல்லையே. அது பகலில் நிழலில் படுத்துவிடும், மேய்வது பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும். அந்த நேரத்தில்தான் காய்ந்த செடிகூடக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அப்புறம் பேய்க்குமட்டிக் காய். நாம் வாயில் வைக்க முடியாத கசப்பு, அது அதைத் தின்று நீர் எடுத்துக்கொள்ளும். சிறுநீரையும் கெட்டியாக்கிக் கொஞ்சமாகத்தான் விடும். ஆக, நீர் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கிறது.

இன்னொன்று உடம்புச் சூடு. 1960களில் டெய்லர் என்ற ஆராய்ச்சியாளர் கென்யாவில் அளந்து பார்த்தார். ஓரிக்ஸின் உடம்பு 45 டிகிரி வரை ஏறி, சில மணி நேரம் அப்படியே தாங்கியது. வேர்வை விட்டு நீரை வீணாக்காமல் சூட்டை உடம்பிலேயே சேர்த்து வைத்து, ராத்திரிக் குளிரில் வெளியே விடுகிறது. நம் ஊரில் அந்தக் குளிர் ராத்திரி எங்கே இருக்கிறது? விடிய விடியப் புழுக்கம். சேர்த்த சூட்டை அது எங்கே கொண்டுபோய் விடும்?

ஆட்டுக்கொட்டகை:
"இருக்கும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதான். மீதி எல்லாம் சுற்றி வளைப்பது.

கிராணி மகள்:
பால்மரத்தான் அண்ணே, டெய்லர் அளந்தது கிழக்கு ஆப்பிரிக்காவின் பெய்சா ஓரிக்ஸை. சஹாரா ஓரங்களில் வாழ்ந்த, வெள்ளை உடம்பும் செம்பழுப்புக் கழுத்தும் பின்னால் வளைந்த நீளக் கொம்பும் உள்ளது வேறு இனம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

பால்மரத்தான்:
தங்கச்சி, இரண்டும் ஓரிக்ஸ்தானே. உடம்பு வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

கிராணி மகள்:
இல்லை அண்ணே. பெய்சா இன்றுவரை காட்டில் இருந்துவருகிறது. சஹாரா ஓரிக்ஸை 2000த்தில் காட்டில் அழிந்துபோனதாக அறிவித்தார்கள். துப்பாக்கியும் வண்டியும் வைத்து வேட்டையாடினார்கள், போதாததற்குச் சாட் நாட்டில் உள்நாட்டுப் போர். மிருகக்காட்சிசாலைகளிலும் தனியார் பண்ணைகளிலும் இருந்தவைதான் இனத்தைக் காப்பாற்றின. அதனால்தான் பராமரிப்பைப் பற்றி வாய்க்கு வந்ததை எழுதக்கூடாது என்கிறேன். பெய்சா வேறு.

மூணாம் டிவிஷன்:
ஓரிக்ஸ் இருக்கட்டும். ஆட்டுக்கொட்டகை, போன தீபாவளிக்கு நீங்கள் எனக்கு விற்ற கிடா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு வாளித் தண்ணீரை மடமடவென்று குடித்தது. காரணம் இப்போதுதான் புரிகிறது.

ஆட்டுக்கொட்டகை:
அந்தக் கிடாவைப் பார்த்து, பல் பிடித்து, விலை பேசி வாங்கினது நீங்கள். ஒரு வருஷம் கழித்து இங்கே வந்து பேசுகிறீர்கள். கோயில் கமிட்டியில் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை என்ற கோபத்தை வேறு எங்காவது காட்டுங்கள்.

மூணாம் டிவிஷன்:
கமிட்டியை ஏன் இழுக்கிறீர்கள்? செம்மறிக்கெல்லாம் செம்பனைப் புண்ணாக்கையே மூன்று வேளையும் போடுகிறீர்களே, அதைப் பற்றியும் பேசுவோமா?

பால்மரத்தான்:
பேசத்தான் வேண்டும். பி.கே.சி. என்கிற அந்தச் செம்பனைப் புண்ணாக்கில் செம்புச் சத்து உண்டு. செம்மறி அதை ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும், ஒருநாள் மஞ்சள் பூத்துச் செத்து விழும். கால்நடை வேலையில் இருந்தவன், கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓரிக்ஸுக்கும் தீனி மூட்டையை அவிழ்த்துக் கொட்டி வளர்க்க முடியாது. அதற்குப் புல்லும் வைக்கோலும்தான் முக்கியம். மாவுத்தீனி அதிகமானால் வயிறு புளித்துப் படுத்துவிடும். காய்ந்த வைக்கோல் தின்னும் மிருகத்துக்கு முன்னால் எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். நல்ல மிருகக்காட்சிசாலையில் தொட்டி இல்லாத ஓரிக்ஸ் பட்டியை எனக்குக் காட்டுங்கள்.

ஆட்டுக்கொட்டகை:
தொட்டி இருப்பது வேறு, தேவைப்படுவது வேறு. மாதக்கணக்கில் குடிக்காமல் இருக்கும். நீங்களே ஒத்துக்கொண்டது மேலே இருக்கிறது.

பால்மரத்தான்:
தண்ணீரே தேவையில்லை என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாட்டில் நடந்ததைக் கேளுங்கள். சஹாரா ஓரிக்ஸை அபுதாபியிலிருந்து விமானத்தில் கொண்டுபோய், ஊவாடி ரிமே காப்பகத்தில் பட்டியில் வைத்து இடத்துக்குப் பழக்கி, 2016 ஆகஸ்டில் வெளியே விட்டார்கள். ஆகஸ்ட் அங்கே மழைக்காலம். புல் பச்சையாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்தார்கள். தண்ணீர் வேண்டாத மிருகம் என்றால் கோடையிலேயே விட்டிருக்கலாமே?

நம் ஊர் ஈரத்தில் வேறு தொல்லையும் உண்டு. குளம்பு கடினமான காய்ந்த தரையில் நடந்து தேய வேண்டியது, சேற்றில் தேயாமல் வளர்ந்துகொண்டே போகும். ஈரப் புல்லில் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு சும்மா விடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரு மீட்டர் கொம்பு, வண்டியில் ஏற்றும்போது நுனியில் ரப்பர் குழாய் மாட்டாவிட்டால் ஒன்றையொன்று குத்திவிடும். இவ்வளவும் தெரிந்தவன்தான் ஓரிக்ஸை உதாரணம் காட்ட வேண்டும்.

கிராணி மகள்:
கொம்பு விஷயம் சரி. ஆனால் 45 டிகிரி பெய்சாவுடையது. அதைத் திருத்தி எழுதுங்கள். மற்றபடி, 2023இல் சஹாரா ஓரிக்ஸை "காட்டில் அழிந்தது" பட்டியலிலிருந்து எடுத்து "அழியும் ஆபத்தில் உள்ளது" என்று மாற்றியதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

பால்மரத்தான்:
திருத்த ஒன்றும் இல்லை தங்கச்சி.

மூணாம் டிவிஷன்:
கிடா விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஆட்டுக்கொட்டகை:
என் ஆடு, என் கொட்டகை, என் தண்ணீர் பில். உங்கள் யாரிடமும் நான் காசு கேட்கவில்லை. ஓரிக்ஸ் மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காது.

பால்மரத்தான்:
உங்கள் ஆடு பேய்க்குமட்டி தின்னுகிறதா? ராத்திரியில் மேய்கிறதா? நாலு மணிக்குக் கொட்டகையை அடைத்துவிடுகிறீர்கள். நாளைக் காலை வருகிறேன், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எல்லாரும் பார்க்கட்டும்.

ஆட்டுக்கொட்டகை:
கேட் பூட்டியிருக்கும்.