பொருள்: ஃபிராக்ட்ஸியோன் – ‘அவையணி’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனி முழுவதற்குமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நாடாளுமன்றமான 1848ஆம் ஆண்டின் பிராங்க்ஃபர்ட் தேசியப் பேரவையைப் பற்றி எழுதும்போது, அவைக்குள் ஒன்றாகச் செயல்படும் ஒத்த கருத்துடைய உறுப்பினர்களின் அமைப்பைக் குறிக்கும் ஃபிராக்ட்ஸியோன் என்னும் ஜெர்மன் சொல்லைக் ‘கட்சி’ என்று தமிழாக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று கருதுகிறேன்.

மே 18 அன்று புனித பவுல் தேவாலயத்தில் கூடியவர்களில் பெரும்பாலோர் அரசு அலுவலர்கள், நீதிபதிகள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள். நாடு தழுவிய கட்சி எதுவும் அன்று இல்லாததால், தத்தம் பகுதியில் தமக்கிருந்த மதிப்பைக் கொண்டே அவர்கள் தேர்வாகி வந்தனர். ஒத்த கருத்துடையோர் அவை முடிந்தபின் விடுதிகளில் கூடி, எந்தத் தீர்மானத்தை ஆதரிப்பது என்று கலந்து முடிவு செய்தனர்; அந்த விடுதிகளின் பெயர்களே அவர்களுக்கும் நிலைத்தன. மிதவாதத் தாராளவாதிகள் காசினோ, ராபர்ட் புளூம் தலைமையிலான இடதுசாரிகள் டாய்ச்சர் ஹோஃப், அவர்களினும் தீவிரமானோர் டோனர்ஸ்பெர்க், பழமைவாதிகள் கஃபே மிலானி. உருவாகவிருந்த ஒன்றுபட்ட ஜெர்மனியில் ஆஸ்திரியாவைச் சேர்ப்பதா விடுவதா என்ற கேள்வி முற்றியபோது காசினோவே பிளந்தது: பிரஷ்ய மன்னரைப் பேரரசராக்க விரும்பியோர் வைடன்புஷ் விடுதியில் பிறரோடு சேர்ந்தனர், அதை எதிர்த்தோர் பாரிஸர் ஹோஃபுக்குப் பெயர்ந்தனர். 1849 மார்ச் 28 அன்று நடந்த பேரரசர் தேர்வில் பிரஷ்ய மன்னருக்கு 290 வாக்குகள் கிடைத்ததையும் 248 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கியதையும் இந்தப் பிளவை அறியாமல் விளக்க முடியாது.

‘சட்டமன்றக் கட்சி’ என்று நாம் சொல்லும்போது வெளியே ஒரு தாய்க்கட்சி இருப்பதாகப் பொருள்படுகிறது. பிராங்க்ஃபர்ட்டிலோ அவைக்குள் பிறந்த அமைப்பே முந்தியது. ‘குழு’ என்றால், அரசியலமைப்பை வரைந்த 30 பேர் கொண்ட குழுவோடு குழம்பும். ‘கோஷ்டி’யில் இழிவுக் குறிப்பு உண்டு. வெறும் ‘அணி’யோ தேர்தல் கூட்டணிக்கும் கட்சிப் பிளவுக்கும் ஏற்கெனவே வழங்குகிறது.

எனவே ‘அவையணி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். அவையணித் தலைவர், அவையணிக் கட்டுப்பாடு என்று தடையின்றி விரியும். இன்றைய ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கும் இது பொருந்துகிறது: அங்கே கிறித்தவ ஜனநாயக ஒன்றியமும் பவேரியாவின் கிறித்தவ சமூக ஒன்றியமும் இரு கட்சிகள், ஆனால் ஒரே அவையணி. கட்சி என்றே எழுதினால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

வேறு சொல் முன்மொழிவோர், அது 1848க்கும் இன்றைக்கும் ஒருசேரப் பொருந்துகிறதா என்று பார்த்து எழுத வேண்டுகிறேன்.